மூச்சு விட்ட பிணம்

பெர்னி ஹ்ருஷ்கா பேய்ப் படம் பார்ப்பது காலை ஒன்பதே காலுக்கு. ஜன்னல் திரையை முழுசாக விலக்கிவிட்டு, தரைவிரிப்பில் வெயில் விழுந்து கிடக்க, மடியில் ஒரு கிண்ணம் சூப்பை வைத்துக்கொண்டு பார்ப்பாள். இருட்டில் உட்கார்ந்து பயப்பட யாருக்குத்தான் தெரியாது? இருட்டில் பூனை குறுக்கே ஓடினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பட்டப்பகலில், வாசலில் தபால்காரர் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் ஆளை உலுக்கி எடுக்கிறதா, அதுதான் படம் என்பது அவள் கட்சி.

அவளுக்கு வேறு நேரமும் கிடையாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் மஞ்சள் பஸ்ஸைக் கிளப்பி, எங்கள் ஊரான கார்வர்ஸ் ஃபெரியின் மேட்டுத் தெருக்களிலெல்லாம் ஏறி இறங்கிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, எட்டரைக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், மறுபடி இரண்டேகாலுக்குத்தான் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் பஸ் தாமதமாக வந்ததில்லை. பனி கொட்டுகிற பிப்ரவரியிலும் அவள் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

அக்டோபர் பிறந்துவிட்டால், மாசக் கடைசியில் வருகிற ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழாவுக்காக ஊரே கூத்தாடும். புல்வெளிகளில் அட்டைக் கல்லறைகள் முளைக்கும். கூரை உயரத்துக்கு எலும்புக்கூடு நிறுத்தாத வீட்டைக் கஞ்சன் வீடு என்பார்கள். பெர்னி இதையெல்லாம் சீண்டமாட்டாள். அவளுக்குப் படம்தான். முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு படம். செப்டம்பர் கடைசியிலேயே பட்டியல் எழுதி முடித்து, ஒன்றைக் குளிர்பெட்டிக் கதவிலும் இன்னொன்றை பஸ்ஸில் தன் இருக்கைக்குப் பின்னாலும் ஒட்டிவிடுவாள். ஒரு வருஷம் ஓர் அம்மா பள்ளிக்குப் புகார் எழுதினாள். 'நான் பெயரைத்தான் ஒட்டியிருக்கிறேன், பேயை ஒட்டவில்லை' என்று பெர்னி பதில் எழுதினாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

படத்துக்கு அவள் மதிப்பெண் போடுவது கரண்டியால். படம் பார்த்துக்கொண்டே சூப் குடிப்பாள். பயத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால் ஒரு கரண்டி. அதற்குமேல் மறுபடி எடுத்து மறுபடி வைத்தால் இரண்டு. சூப் ஆறிப்போய் அப்படியே கிடந்தால் மூன்று. மூன்று கரண்டி வாங்கிய படங்கள் அவள் ஆயுசில் நான்கே நான்கு. 'கிணற்றுக்குள் மாடிப்படி' என்று ஒரு படம், கிணறு தூர் வாரப் போனவன் உள்ளே படிக்கட்டைப் பார்க்கிறான், அது கீழே போகாமல் மேலே போகிறது. 'பால்காரனின் பற்கள்' இன்னொன்று. பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் பார்த்தபிறகு சிரித்ததில்லை. கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கிற கன்னியாஸ்திரீ படம் மூன்றாவது. ஆனால் அவளை நிஜமாக ஆட்டி வைத்தது 'இரண்டு தட்டு' என்ற படம்தான். அதில் பேயும் கிடையாது, ரத்தமும் கிடையாது. தனியாக வாழ்கிற ஒரு பெண் வேலைவிட்டு வருகிறாள், மேசையில் இரண்டு தட்டு போட்டிருக்கிறது. அவ்வளவுதான் படம். மறுநாளும் இரண்டு தட்டு.

கழுத்தை அறுத்து ரத்தத்தைப் பீய்ச்சுகிற படங்களை அவள் மதிப்பதே இல்லை. "தக்காளிச் சட்னி" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவாள்.

முப்பத்தொன்றாம் நாள் படம் மட்டும் எந்த வருஷமும் மாறியதில்லை: 'ஆறாம் சுரங்கம்'. அது கால் கரண்டிகூடத் தேறாத படம். அதை அவள் கடைசி நாளுக்கு வைத்திருப்பதற்குக் காரணம் எமில்.

எமில் அவள் புருஷன். கண்ணாடித் தொழிற்சாலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தவன். கல்யாணமான புதுசில், எண்பத்து மூன்றாம் வருஷம் நவம்பரில், லெஸ்டர் க்விக்லி என்று ஒருவர் பிட்ஸ்பர்கிலிருந்து ஒரு கேமராவையும் எட்டு சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து அந்தப் படத்தை எடுத்தார். இடிந்த சுரங்கத்தில் செத்த தொழிலாளிகள் எழுந்து ஊருக்குள் வருகிற கதை. ஊரில் பாதிப் பேர் அதில் பிணம். சமையலறையோடு இருக்கிற தீயணைப்புக் கூடம்தான் பிணவறை. எமிலுக்குக் கிடைத்தது நாலாம் நம்பர் மேசை. சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிப் படுக்கவைத்தார்கள். கேமரா தலையிலிருந்து கால்வரை மெதுவாக நகரும், பதினோரு வினாடி மூச்சை அடக்கு என்றார்கள்.

இவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஏழாவது வினாடியில் மூச்சை இழுத்தான். கொஞ்சநஞ்சம் இல்லை, நெஞ்சு கூடாரம் மாதிரி எழும்பி இறங்கியது. மறுபடி எடுக்கலாமென்றால் அதுதான் கடைசி ஃபிலிம் சுருள். அப்படியே படத்தில் சேர்த்துவிட்டார்கள். படம் ஓடவில்லை. பிணம் மூச்சு விட்டது மட்டும் ஓடு ஓடென்று ஓடியது. பேய்ப் பட ரசிகர்கள் எங்கெங்கிருந்தோ அந்த ஒரு மூச்சைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஹாலோவீனுக்கு முந்தின வாரத்துச் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, அதே தீயணைப்புக் கூடத்தில் படம் போடுவது வழக்கமாயிற்று. அந்த இடம் வந்ததும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற எமில் எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை இழுப்பான். நாலைந்து வருஷத்தில் கூடம் முழுக்க அவனோடு சேர்ந்து இழுக்கத் தொடங்கியது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சிழுக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? கதவே உள்ளே வருகிற மாதிரி இருக்கும்.

ஏன் மூச்சு விட்டாய் என்று கேட்டால் எமில் வருஷத்துக்கு ஒரு கதை சொல்வான். மேசை பனிக்கட்டியாக இருந்தது என்பான். மூக்கில் ஈ உட்கார்ந்தது என்பான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு கோப்பை உள்ளே போனால் வேறொரு கதை வரும்: "சமையலறையில எங்கக்கா வெண்ணெய்ல வெங்காயம் வதக்கினா பாரு, அந்த வாசனைக்கு நெஜப் பொணமே எழுந்திருக்கும். நான் மூச்சு மட்டும்தான் இழுத்தேன்." எது நிஜம், எது புளுகு என்று பெர்னிக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் கூடத்தில் இல்லை, வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த அக்கா வில்மா. எமிலைவிட ஏழு வயசு மூத்தவள், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். படம் எடுத்த அன்று ஊர்ப் பெண்களோடு சேர்ந்து சமைக்க வந்தாளே தவிர, தம்பி பிணமாகப் படுத்திருந்த பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஒரு வாரம் அவனோடு பேசவும் இல்லை. "உயிரோட இருக்கறவன் பொணமா படுக்கறதா? எவன்டா இந்த அபசகுனத்தைக் கண்டுபிடிச்சான்?" என்று சண்டை. அந்தப் படத்தை இன்றுவரை அவள் பார்த்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரிக் காலை, வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த எமில் அப்படியே உட்கார்ந்து, அப்படியே போய்விட்டான். அந்த அக்டோபரில் மூன்றாவது வரிசையில் பெர்னி தனியாக உட்கார்ந்தாள். நாலாம் மேசை வந்தது. கூடத்தில் எல்லோரும் தயங்கினார்கள். திரையில் எமிலின் நெஞ்சு எழும்பியது, பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள், கூடம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பெர்னி வெட்கப்படாமல் அழுதாள்.

அதன்பிறகு முப்பத்தொன்றாம் தேதி காலை அவள் வீட்டிலும் அந்தப் படத்தின் வீடியோ நாடாவைப் போடுவாள். அந்தப் பதினோரு வினாடியை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டுவாள். நாடா எத்தனை தடவைதான் தாங்கும்? போன வருஷம் சரியாக அந்த இடத்தில் தேய்ந்து, சாம்பல் தூறலாகிவிட்டது. அதே வருஷம் கூடத்துப் படச்சுருளும் இரண்டு இடத்தில் அறுந்தது. லெஸ்டரே வந்து அந்தச் சுருளை வாங்கிக்கொண்டு போனார். புதுசாகச் சுத்தம் பண்ணி, பளபளவென்று குறுந்தட்டாகக் கொண்டுவரப் போகிறேன் என்றார். தனக்கு ஒன்று வேண்டுமென்று பெர்னி முதல் ஆளாகத் தபாலில் சொல்லிவைத்தாள்.

இந்த அக்டோபர் பதினொன்றாம் தேதி குறுந்தட்டு வந்தது. முப்பத்தொன்றாம் நாள் படத்தை முன்கூட்டிப் பார்ப்பது அவள் சட்டத்தில் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. எமிலைத் தெளிவாகப் பார்க்கலாமே! சூப்பைக்கூடச் சூடு பண்ணாமல் தட்டைப் போட்டாள்.

அடேயப்பா, என்ன தெளிவு! பிணவறைச் சுவரில் பச்சை ஓடு என்றே அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. நாலாம் மேசை வந்தது. எமிலின் காறை எலும்புக்குக் கீழே இருக்கிற மச்சம்கூடத் தெரிந்தது. அவள் திரைக்குக் கிட்டத்தில் போய் மண்டியிட்டாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கேமரா காலுக்குப் போய்விட்டது.

நெஞ்சு எழும்பவில்லை.

கண் தப்பியிருக்கும் என்று மறுபடி போட்டாள். ஆறு தடவை போட்டாள். எமில் கல்லு மாதிரி படுத்திருந்தான். தட்டோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினால், பெருமையாக ஒரு பக்கம் போட்டிருந்தது: பழைய படத்தின் பிழைகள் அனைத்தும் திருத்தப்பட்டுள்ளன. சுவரில் விழுந்த ஒலிவாங்கியின் நிழல், செத்தவன் கையில் ஓடுகிற கடிகாரம், மூச்சு விடும் பிணம்.

பழைய நாடாவைத் தேடி எடுத்துப் போட்டாள். சாம்பல் தூறல்தான். அதையும் விடாமல் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நேரம் போனது தெரியவில்லை. அன்று மத்தியான பஸ் நாலு நிமிஷம் தாமதம். பள்ளி வாசலில் நின்ற வாத்தியார் தன் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் மாதாகோயில் அடித்தளத்தில் பெண்கள் பிரோகி பிடிப்பார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மடிக்கிற கொழுக்கட்டை அது. வெள்ளிக்கிழமை விற்பனைக்கு நூறு டஜன் வேண்டும். வில்மாவுக்கு எழுபது வயசாகியும் அவள் விரல் வேகத்துக்கு யாரும் கிட்ட நிற்க முடியாது. பெர்னி போய் அவள் எதிரே உட்கார்ந்து மாவு வட்டத்தை எடுத்தாள்.

"என்னடி மூஞ்சி இப்படித் தொங்குது? பஸ்ஸு லேட்டாமே. ஊரெல்லாம் பேச்சு."

"அக்கா, எமில் மூச்சு விடல."

வில்மா நிமிர்ந்து பார்த்தாள். "அடியே, அவன் மூச்சு விடாம ஒம்பது வருஷம் ஆச்சு. உனக்கு என்ன ஆச்சு?"

பெர்னி நடந்ததைச் சொன்னாள். வில்மா கேட்டுக்கொண்டே விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பொணம்னா மூச்சு விடாம இருக்கறதுதானே முறை? இதுல என்ன குத்தம் கண்டுபிடிச்சே?"

"உங்களுக்கு என்னக்கா தெரியும்? நீங்கதான் பாத்ததே இல்லியே."

"பாக்கவும் மாட்டேன். உசுரோட இருந்தவனைப் பொணமா பாத்து நான் என்ன பண்ணப்போறேன்? நிஜமா பொணமா பாத்தேனே, அது போதாதா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்." பெர்னி மாவு வட்டத்தைக் கீழே வைத்தாள். "நிஜத்துல பாத்தது எனக்கும் நெனப்புல இருக்கு. வாசல்ல, பனியில. அதைத் தொடச்சுட்டுப் போக எனக்கு அந்தப் பதினோரு வினாடிதான் இருந்துச்சு. அதுல அவர் செத்த மாதிரி நடிக்கறார், ஆனா உசுரோட இருக்கார். பாக்கறவங்க அத்தனை பேருக்கும் அது தெரியும். இப்ப அதையும் சாகடிச்சுட்டாங்க, அக்கா."

வில்மா ஒரு கொழுக்கட்டையை எடுத்து, பிடித்த விளிம்பையே மறுபடி பிடித்தாள்.

"ஏன் மூச்சு விட்டேன்னு உன்கிட்ட என்ன சொன்னான்?"

"நூறு சொன்னார். ஈன்னார், குளிருன்னார். நீங்க வெங்காயம் வதக்குன வாசனைன்னு ஒண்ணு சொல்வார்."

"புளுகு மூட்டை," என்றாள் வில்மா. அடுத்த வட்டத்தை எடுத்து, விளிம்பை வேண்டியதற்குமேல் அழுத்திப் பிடித்தாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. புதுப் பிரதி என்பதால் மூன்று மாநிலத்துக் கார்கள் வாசலில் நின்றன. லெஸ்டர் க்விக்லி சிறப்பு விருந்தாளி. எழுபத்து நாலு வயசு, சிவப்புக் கழுத்துத் துணி, முன்வாசலில் மேசை போட்டுச் சுவரொட்டிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெர்னி வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டாள்.

"மிஸ்டர் க்விக்லி, நாலாம் மேசைப் பொணம் ஏன் மூச்சு விடல?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கவனிச்சுட்டீங்களா! முப்பத்தொம்பது வருஷம்மா. எங்க போனாலும் 'மூச்சு விடற பொணம் எடுத்தவர்தானே நீங்க'ம்பாங்க. அதுக்கப்புறம் பன்னெண்டு படம் எடுத்தேன், ஒருத்தன் பேர் சொல்லமாட்டான். என் பேத்தி ஸ்கூல்லகூடக் கிண்டல். கண்ணை மூடறதுக்குள்ள அந்த ஒரு தப்பைத் திருத்திடணும்னு இருந்தேன். திருத்திட்டேன்."

"அது என் வீட்டுக்காரர்."

"அடடா, அப்படியா! வந்திருக்காரா? எப்படி இருக்கார்?"

"செத்துட்டார். ஒம்பது வருஷமாச்சு. வருஷத்துல ஒரு நாள் மூச்சு விட்டுக்கிட்டிருந்தார். அதை நீங்க நிறுத்திட்டீங்க."

சொல்லி முடித்ததும் பெர்னிக்கே கூச்சமாகிவிட்டது. வயசான மனுஷர், பாவம், பேனாவை மூடிக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். கூடத்துத் தலைவர் ரஸ் வந்து, படம் ஆரம்பிக்கப் போகிறது என்று எல்லோரையும் உள்ளே விரட்டினார்.

பெர்னி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். லெஸ்டர் முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். சமையலறையில் வழக்கம்போலப் பெண்கள் பிரோகி வறுத்துக்கொண்டிருந்தார்கள். வில்மாவும் அங்கேதான். படம் ஓடுகிறவரை அவள் சமையலறைக் கதவைச் சாத்தி வைத்திருப்பது வழக்கம். அன்று ஏனோ கதவு திறந்தே இருந்தது. வெண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனை வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

பிணவறைக் காட்சி வந்தது. ஒன்றாம் மேசை, இரண்டாம் மேசை. பெர்னி கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள், முடியவில்லை. நாலாம் மேசை. ஏழாவது வினாடியில் கூடம் முழுக்கப் பழக்கத்தில் மூச்சை இழுத்தது.

இருநூறு பேரும் இழுத்த மூச்சை விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் அசையவில்லை. பின்னால் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.

"என்னடி இது?"

வில்மாவின் குரல். கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிசுகிசுக்கிற பழக்கமெல்லாம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

"உன் வீட்டுல போட்ட படத்துலதானே மூச்சு விடலேன்னே? இங்க விடுவான்னுதானே நெனச்சேன்? அதுக்காகத்தானே வந்து நிக்கறேன்! ஏன் விடமாட்டேங்கறான்?"

முதல் வரிசையில் லெஸ்டர் திரும்பி, அந்தக் கிழவியையும் கரண்டியையும் வெகுநேரம் பார்த்தார். படம் அதுபாட்டுக்கு ஓடியது. முடிந்ததும் அவர் மேடைக்கு வரவில்லை. ஒரு வாய் சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய மனுஷனுக்குக் கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரஸ்கூட பெர்னியிடம், "அவரை இப்படி நோகடிச்சிருக்க வேணாம், பெர்னி. அடுத்த வருஷம் படம் குடுப்பாரோ மாட்டாரோ," என்றார். அவளுக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சிறு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு குறுந்தட்டு, ஒரு சின்னக் கடிதம்.

'வெளியே போன பிரதிகளை என்னால் திரும்ப வாங்க முடியாது. கூடத்துக்கு மட்டும் பழையபடியே ஒரு பிரதி செய்து ரஸ்ஸுக்கு அனுப்புகிறேன். இது உங்களுக்கு. படச்சுருள் முடியப்போகிறது, மிச்சம் வைத்து என்ன செய்ய என்று, அந்தக் காட்சிக்குப் பிறகும் கேமராவை ஓடவிட்டிருக்கிறோம். அந்த வால் துண்டை நானே இந்த வாரம்தான் பார்த்தேன். முப்பத்தொன்றுக்கு முன்னால் பார்க்கமாட்டீர்கள் என்று ரஸ் சொன்னார். அந்தக் கரண்டி அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள்.'

இந்தத் தடவை பெர்னி சட்டத்தை மீறவில்லை. மூன்று நாள் பொட்டலத்தைக் குளிர்பெட்டியின் தலையில் வைத்து, அதைப் பார்க்காமலே போய்வந்தாள்.

முப்பத்தொன்று திங்கட்கிழமை. காலை பஸ்ஸில் வேஷம் போட்ட பிள்ளைகள்: இரண்டு சூனியக்காரிகள், ஒரு வாழைப்பழம், கணக்கில்லாத எலும்புக்கூடுகள். எல்லோரையும் இறக்கிவிட்டு, வரும் வழியில் வில்மாவை ஏற்றிக்கொண்டாள். ஒன்பதே காலுக்கு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். வில்மா கோட்டைக் கழற்றவில்லை, கைப்பையை மடியில் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"பயமா இருந்தா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

"போடி. பொத்தானை அமுக்கு."

சுத்தம் பண்ணாத படம். கீறல், தூசி, ஓரத்தில் வெளிச்சம் ஒழுகுகிறது. எமில் நீலமாகப் படுத்திருந்தான். கேமரா நகர்ந்தது. ஏழாவது வினாடியில் நெஞ்சு கூடாரம் மாதிரி எழும்பி இறங்கியது. பெர்னி வாயைப் பொத்திக்கொண்டாள். வில்மாவின் கை பையை விட்டுவிட்டு அவள் முழங்காலைப் பிடித்தது.

'கட்!' என்று லெஸ்டரின் இளவயசுக் குரல். படம் நிற்கவில்லை. எமில் கண்ணை மூடியபடியே இன்னொரு தடவை மூச்சை இழுத்தான், முதலில் இழுத்ததைவிடப் பெரிசாக, மூக்கைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொண்டு. பிறகு கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். இருபத்து நாலு வயசு, உடம்பெல்லாம் நீலம், பல் மட்டும் வெள்ளை.

"அக்கா!" என்று கத்தினான். "கருகறதுக்குள்ள எனக்கு ரெண்டு எடுத்து வை! அக்கா! கேக்குதா?"

யாரோ சிரித்தார்கள். எமில் பதிலுக்குக் காத்திருப்பது போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். படம் வெள்ளையாகப் பொங்கி முடிந்துவிட்டது.

ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல். பெர்னிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வெங்காயம்தான்! அக்கா, அந்தப் புளுகன் சொன்னதுல அது ஒண்ணுதான் நெஜம்!"

வில்மா வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள். "அன்னிக்கும் கேட்டுச்சு எனக்கு. கூப்பிட்டான், கோவத்துல கேக்காத மாதிரி நின்னுட்டேன். வந்து பாத்தான், தட்டுல ஒண்ணும் வைக்கலை. ஒண்ணும் சொல்லாம வெளிய போயிட்டான்." கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தாள். "திருப்பிப் போடு."

பெர்னி திருப்பிப் போட்டாள். நெஞ்சு எழும்பி இறங்கியது. கட். எமில் மோப்பம் பிடித்தான், எழுந்து உட்கார்ந்தான், கத்தினான்.

"அக்கா! கேக்குதா?"

"கேக்குதுடா," என்றாள் வில்மா. "எடுத்து வச்சிருக்கேன், வா."